சுண்ணாம்பு வளைவில் நாலு டிரம்

நஸ்மி சுண்ணாம்பு வளைவுக்கு வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. நல்ல வெயில். பிக்கப்பை ஓரம் கட்டிவிட்டு இறங்கியவன் கால்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். கல் இருந்த பக்கம் மட்டும் அவன் பார்க்கவில்லை.

இந்தச் சாலையோடு அவனுக்கு முப்பது வருஷத்துப் பழக்கம். அவன் தாத்தா நாளில் இது ஷ்கும்பின் ஆற்றோரம் கோவேறு கழுதை போகிற தடம். இத்தாலிக்காரர்கள் வந்து கருங்கல் பரப்பினார்கள். கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட காலத்தில் வாலிபப் பிள்ளைகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கி, பாட்டும் பாடவைத்து, அகலப்படுத்தினார்கள். அதுவும் குண்டும் குழியுமாய்ப் போன வருஷங்களில் நஸ்மி கூலிக்குச் சேர்ந்து குழி அடைத்தான். மேஸ்திரி ஆனபிறகு தார் போட்டான். இப்போது நாலு வழியாக்குகிறார்கள், அதற்கும் அவன்தான் மேஸ்திரி. சாலை வளர வளர அவனும் வளர்ந்தான் என்று லிப்ராஷ்த் ஊர்க் காபிக் கடையில் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவன் சிரிக்கமாட்டான்.

வளைவின் உள்பக்கம் மலையைக் குடைந்து பெரிய பள்ளம் எடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் வழியை மறித்து சிவப்பும் வெள்ளையுமாய் நாலு பிளாஸ்டிக் டிரம். பள்ளத்தின் விளிம்பிலேயே அந்தக் கறுப்பு நினைவுக் கல் நின்றது. பளிங்கில் ஒரு வாலிபனின் முகம் செதுக்கியிருந்தது. கோட்டும் டையும் போட்ட, தங்கையின் கல்யாண நாள் முகம். ஃபாத்தோஸ், இருபத்து நாலு வயது.

"மேஸ்திரி, இந்தக் கல்லை எடுத்தாத்தான் என் வண்டி உள்ள போகும். அவங்கம்மாகிட்ட கையெழுத்து வாங்கியாச்சா?" என்று பொக்லைன் மேலிருந்து தாஷோ கத்தினான். பதினைந்து வருஷமாக நஸ்மியோடு இருக்கும் டிரைவர் அவன்.

"வாங்குறேன்."

"ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணு கல்யாணம். அதுக்கு முன்னாடி முடிச்சிருங்க. குடிச்சுட்டு வந்து டிரம்மைத் தள்ளிக்கிட்டுப் பள்ளத்துல விழுந்தவனுக்கு, நாம மரியாதை பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம்."

ஃபாத்தோஸ் குடிக்கவில்லை என்பது இந்த உலகத்தில் நஸ்மி ஒருவனுக்குத்தான் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே வளைவில், மழைத்தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி வழியை அடைத்திருந்தார்கள். மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் வந்து நின்றது. பெண்ணை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் வந்த வழியே திரும்பக் கூடாது. அவர்களைத் திருப்பி அனுப்பியவனை ஊர் சும்மா விடாது. நஸ்மியும் இந்த ஊர்க்காரன்தானே! மூன்று டிரம்மை இடப்பக்கம் பாறையோரம் நகர்த்தினான், ஒன்றை வலப்பக்கம் விளிம்பில் வைத்தான். பள்ளத்தை ஒட்டி ஒரு கார் போகிற அளவுக்கு இடம் இருந்தது. கைகாட்டிக் கைகாட்டி ஒவ்வொரு வண்டியாகக் கடத்திவிட்டான். அவர்கள் குஷியில் அவனை இழுத்துக்கொண்டு போய் வளைவுக்கு அப்பால் நிறுத்தி, ரக்கிச் சாராயக் கிண்ணத்தைக் கையில் திணித்து, கிளாரினெட் ஊத, ஒரு சுற்று ஆடவைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

டிரம் திறந்தபடியே கிடந்தது.

பெண்ணின் அண்ணன் ஃபாத்தோஸ் பின்தங்கியிருந்தான். மணப்பெண் மாற்றிப் போட வேண்டிய வெள்ளைச் செருப்பை வீட்டில் மறந்துவிட்டாள். பெண் திரும்பிப் போகக் கூடாது என்பதால் அண்ணன் போய் எடுத்துக்கொண்டு, தங்கையைப் பிடிக்க ஹாரன் அடித்தபடி வெள்ளை பென்ஸில் விரட்டி வந்தான். கைகாட்ட ஆள் இல்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த நஸ்மி முதலில் பள்ளத்தில் இறங்கவில்லை. அதைத்தான் அவனால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. முதலில் நாலு டிரம்மையும் இழுத்து வழியை மறித்து வைத்தான். அதன்பிறகுதான் இறங்கினான். நசுங்கிய காருக்குள் ஃபாத்தோஸ் கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். டிரம் இழுபடுவதை அவன் பார்த்திருந்தான்.

"வழி திறந்துதானே இருந்துச்சு?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். அவன் உயிர் போனபிறகு, ஊர்வலம் கடந்ததுமே வழியை அடைத்துவிட்டதாக நஸ்மி போலீஸிடம் சொன்னான். சீட்டில் இருந்த கல்யாண ரக்கி பாட்டில் உடைந்து கார் முழுக்க நெடி. போலீஸ்காரர் முகர்ந்து பார்த்தார், எழுதிக்கொண்டார்.

ஃபாத்தோஸ் போனபிறகு அவன் தாய் ரெஸ்மியே குடிவந்த வீடு வளைவுக்கு மேலே இருபது படி ஏறினால் வரும். நஸ்மி காகிதத்தோடு போனபோது அவள் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிண்ணம் எடுத்து ஊற்றினாள். துக்க வீட்டுக் காபி, பதினோரு வருஷமாகச் சர்க்கரை இல்லை.

"குடிங்க மேஸ்திரி. நீங்கதானே என் பிள்ளையைத் தூக்குனது. உங்க கைதான் கடைசியா அவன் மேல பட்டுச்சு."

அவன் காகிதத்தை நீட்டினான்.

"கையெழுத்துப் போடுறேன். ஒரே ஒரு விஷயம் கேக்கணும். அவன் குடிக்கிறவன் இல்லை. என் பொண்ணே நம்பமாட்டேங்கிறா. இத்தாலியில இருக்கா, என் கல்யாணத்தைக் கெடுத்துட்டுப் போயிட்டான்னு இன்னும் அண்ணன் மேல கோபம். இந்தக் கல்லைப் பார்க்க ஒருதடவை வரலை. அந்தச் செருப்புகூடக் கிடைக்கலை, பாருங்க." அவள் குரல் இறங்கியது. "சத்தியமா சொல்லுங்க. அன்னைக்கு வழி அடைச்சுத்தான் இருந்துச்சா?"

ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் எல்வானாவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது, சம்பந்தி வீட்டார் முகம் வந்தது.

"அடைச்சுத்தாம்மா இருந்துச்சு."

ரெஸ்மியே தலையை ஆட்டினாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று பகலே தாஷோ கல்லைக் கயிறு கட்டித் தூக்கினான். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றிலிருந்து மூடுபனி ஏறியது. வளைவை முழுக்க மூடிவிட்டது. ஈர சிமெண்ட் வாசனை வந்தது. அன்றைக்கு அங்கே யாரும் சிமெண்ட் குழைக்கவில்லை.

பனிக்குள் எங்கோ ஒரு கார் ஹாரன்.

விட்டு விட்டு, கல்யாண ஊர்வலத்தில் அடிக்கிற மாதிரி.

"யாரோ வர்றாங்க. டிரம் சரியா இருக்கா பாருங்க, மேஸ்திரி," என்றான் தாஷோ.

நஸ்மி ஓடினான். பனியில் தடவிக்கொண்டு போய்ச் சேர்ந்தவன் அங்கேயே நின்றான். மூன்று டிரம் இடப்பக்கம் பாறையோரம் இருந்தது.

ஒன்று வலப்பக்கம், விளிம்பில்.

ஊர்வலம் போன பிறகும் அப்படித் திறந்தே கிடந்ததை அவனைத் தவிர உயிரோடு இருக்கும் யாரும் பார்த்ததில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நாலையும் இழுத்து மறித்தான். ஒவ்வொரு டிரம்மிலும் தண்ணீர் நிரப்பியிருந்தது, ஒன்றைக்கூடச் சும்மா யாரும் நகர்த்திவிட முடியாது. ஹாரன் கிட்டே வந்தது. அவன் நெஞ்சுக்கு நேராக வந்தது. நின்றுவிட்டது.

கார் எதுவும் வரவில்லை.

பனி விலகியபோது டிரம் நாலும் மறுபடி அவன் முதுகுக்குப் பின்னால் திறந்திருந்தது. "என்ன மேஸ்திரி, அடைக்கச் சொன்னா திறந்து விட்டுட்டு நிக்கிறீங்க?" என்று தாஷோ சிரித்தான். நஸ்மி திரும்பவும் எல்லாவற்றையும் இழுத்து மறித்தான். தினமும் மத்தியானம் அதே கதைதான் நடந்தது. சங்கிலி போட்டுப் பூட்டினான். பூட்டு பூட்டியபடியே தரையில் கிடந்தது.

சனிக்கிழமை சம்பந்தியிடம் ஃபோனில் கெஞ்சினான். "பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போகும்போது பழைய பாலம் வழியாவே திரும்பிடுங்க. வளைவுப் பக்கம் வேண்டாம்."

"என்ன பேசுறீங்க சம்பந்தி? வரும்போது பாலம் வழியாத்தான் வர்றோம். வந்த வழியே திரும்பிப் போறதுக்கு நாங்க என்ன எழவு வீட்டுக்கா வர்றோம்? ரோடே உங்களுது. ரெண்டு டிரம்மை நகட்டி விடமாட்டீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை எல்வானா அழுதுகொண்டே காரில் ஏறினாள். பெண்ணின் தகப்பன் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். நஸ்மி நிற்கவில்லை. கல்யாணக் கோட்டோடு பிக்கப்பில் ஏறி, கல்குவாரிக் குறுக்குப் பாதையில் பறந்தான். பெற்ற மகள். அவள் ஏறிய வண்டிதான் ஊர்வலத்தின் முதல் வண்டி.

வளைவில் பனி. டிரம் திறந்திருந்தது. மூன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

நகர்த்த நேரமில்லை. அவனே நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் பள்ளத்திலிருந்து சிறு கற்கள் உருள்கிற சத்தம் கேட்டது. கீழேயிருந்து யாரோ ஏறி வருகிற மாதிரி. அவன் திரும்பவில்லை.

முதல் வண்டி பிரேக் அடித்து அவன் முழங்காலை உரசி நின்றது. சம்பந்தி கெரிம் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"பைத்தியமா உங்களுக்கு? வழிதான் திறந்து கிடக்கே!"

"அடைச்சிருக்கு! திரும்பிப் போங்க!"

"பொண்ணோட வந்தவங்களைத் திரும்பிப் போகச் சொல்றீங்களா? அவமானம்யா இது!"

"என்னைத் திட்டுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் செருப்பால அடிங்க. இப்பத் திரும்புங்க."

எல்வானா கண்ணாடி வழியாக அப்பாவையே பார்த்தாள். ஏழு வண்டியும் ஒவ்வொன்றாகத் திரும்பின. நஸ்மி எண்ணிக்கொண்டே நின்றான். ஐந்து, ஆறு, ஏழு. கடைசி வண்டியின் சிவப்பு விளக்கும் பனியில் மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

அவனை உரசிக்கொண்டு ஈரக்காற்று ஒன்று கடந்தது. ரக்கி நெடி.

கீழே, ஏழு வண்டிக்கும் பின்னால், எட்டாவதாக ஒரு ஹாரன் கேட்டது.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி நேரம் கழித்து எல்வானாவின் ஃபோன் வந்தது. பின்னணியில் மேளமும் சிரிப்பும்.

"அப்பா, நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம். மாமா கோபம் ஆறிடும், கவலைப்படாதீங்க. ஆமா, வெள்ளை பென்ஸ்ல வந்தது யாரு? நம்ம சொந்தமா?"

நஸ்மி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"வாசல்வரைக்கும் பின்னாடியே வந்தாரு. கோட்டெல்லாம் சேறு. எனக்கு அண்ணன் இல்லைல்ல, அண்ணன் முறைக்குக் கொண்டாந்தேன்னு ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு குடுத்தாரு. ஒரே ஈரம்ப்பா, சிமெண்ட் அப்பியிருக்கு. உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன், வரலை. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"என்ன?"

"வழி திறந்துதான் இருந்துச்சாம்."

நஸ்மி எழுந்தான். இருபது படியையும் எப்படி ஏறினான் என்று தெரியாது. ரெஸ்மியே முற்றத்தில் இருந்தாள். மகனின் கல் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கல்யாணக் கோட்டோடு வந்து நின்றவனை அவள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"வழி திறந்து இருந்துச்சு," என்றான் நஸ்மி. "நான்தான் திறந்தேன். ஊர்வலத்தைத் திருப்பி அனுப்ப மனசு வரலை. ஆடப் போயிட்டேன். அவன் விழுந்தப்புறம் நான்தான் மூடுனேன். மூடிட்டுத்தான் இறங்குனேன். அவன் பார்த்துக்கிட்டே இருந்தான். குடிக்கலை, தாயே. ஒரு சொட்டு குடிக்கலை."

ரெஸ்மியே ஜன்னல் வழியாக உள்ளே கை நீட்டி ஃபோனை எடுத்தாள். எண்ணை அழுத்தி அவன் கையில் வைத்தாள். "என் பொண்ணு. இப்பச் சொன்னதை அவகிட்டச் சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

சொன்னான். மறுமுனையில் எழுந்த அழுகை இத்தாலியிலிருந்து இங்கே முற்றம்வரை கேட்டது. நாளைக்குப் போலீஸிலும் இதையே சொல்ல வேண்டும் என்று ரெஸ்மியே சொன்னாள். சரி என்றான்.

அவள் அடுப்பில் காபி வைத்தாள். இரண்டு கிண்ணம் எடுத்தாள். நஸ்மிக்குக் கண் நிறைந்தது. அவன் உட்காரப் போனான்.

"இது உங்களுக்கு இல்லை, மேஸ்திரி."

ஒன்றைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். மற்றதைக் காலி நாற்காலிக்கு எதிரே வைத்தாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாள். இந்த நாட்டில் காபி தராத வீட்டு வாசலில் எவனும் நிற்பதில்லை. ஆனால் நஸ்மி போகவில்லை. நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெஸ்மியே குடித்து முடித்துத் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

எதிரே இருந்த கிண்ணத்தில் காபி இல்லை. அடியில் கசடு மட்டும் இருந்தது. கைப்பிடியில் ஈர சிமெண்ட் அப்பியிருந்தது.