இருபத்தொன்பது புள்ளி நான்கு

"இந்தக் கையெழுத்து என்னோடதுதான் மேடம். ஆனா இந்த ரிப்போர்ட்ட நான் எழுதல. பழசுல இருந்து எடுத்து யாரோ ஒட்டியிருக்காங்க."

திண்டுக்கல்லில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அனிஷா காகிதத்தை மேஜையில் வைத்தாள். 'ஜிப்சம். ஆய்வில் கண்ட கால்சியம்: 29.4 சதவீதம்.' அதை நம்பி வேடசந்தூர்ப் பக்கம் மூட்டை மூட்டையாக வாங்கி வயலில் போட்டவர்களுக்கு நிலக்கடலை முழுக்கப் பருப்புப் பிடிக்காத பொக்கு. மாலை ஐந்துக்குள் ராஜினாமா, இல்லையென்றால் போலீஸ் என்று அவளுடைய முதலாளி ராயப்பராஜ் கெடு வைத்துவிட்டார்.

துப்பறிவாளர் கௌசல்யா அந்த எண்ணை மட்டும் பார்த்தார்.

"சோதிக்கத் தெரிஞ்ச யாரும் இத எழுத மாட்டாங்க. ஃபாரிஸ், வண்டிய எடு."

நான்கரை மணிக்கு, ஜிப்சம் விற்ற உரக்கடையில், கௌசல்யா கூப்பிட்டதால் ராயப்பராஜும் வந்து நின்றார். கடைக்காரர் விக்னேஷ்குமார் எழுந்திருக்கக்கூட மெனக்கெடவில்லை. அவர் தலைக்கு மேல் சட்டம் போட்ட கெமிஸ்ட்ரி பட்டம். அதன்மேல் ஒரு விரற்கடைத் தூசி.

உதவியாளன் ஃபாரிஸ் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான். புஸ்ஸென்று நுரைத்தது.

"சுண்ணாம்புக்கல் தூளு அக்கா! ஜிப்சம் நுரைக்காது!"

"அத டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்ட புள்ளைகிட்டக் கேளுங்க," என்றார் விக்னேஷ்குமார். "வாரத விக்கிறேன், அம்புட்டுதான்."

"ரிப்போர்ட்ல இருக்கிற எண்ணே தப்பு," என்றார் கௌசல்யா.

"தப்பா? ஏம்மா, நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்." ஒரு பில்லைத் திருப்பி CaSO₄ என்று கிறுக்கினார். "கால்சியம் நாப்பது, கந்தகம் முப்பத்திரண்டு, ஆக்சிஜன் நாலும் சேந்து அறுபத்து நாலு. மொத்தம் நூத்தி முப்பத்தாறு. அதுல நாப்பது, இருபத்தொன்பது புள்ளி நாலு சதவீதம். ஆச்சா?"

"ஆச்சு. ஜிப்சத்துக்குள்ள ரெண்டு தண்ணி மூலக்கூறு இருக்குமே, அது எங்க? CaSO₄·2H₂O. முப்பத்தாறு கூட்டுங்க, நூத்தி எழுபத்திரண்டு. தூசி இல்லாத ஜிப்சத்துக்கே இருபத்து மூணு புள்ளி மூணுதான். அனிஷா முதல்ல பொடியச் சூடாக்கி அந்தத் தண்ணி எவ்வளவுன்னுதான் எடை போடுவா. இது ஆய்வு இல்ல, பில்லு பின்னால போட்ட கணக்கு."

விக்னேஷ்குமாருக்குப் பொறுக்கவில்லை. "பொடி காஞ்சு கெடக்கு, அதுல ஏது தண்ணின்னுதான் விட்டுட்டேன்!"



"விட்டது நீங்களா?" கௌசல்யா அந்தப் பில்லை மடித்துப் பைக்குள் வைத்தார். "இம்புட்டு படிச்சும் திருடத் தெரியலையே."

பிறகு ராயப்பராஜ் பக்கம் திரும்பினார். "லேப் வச்சிருக்கீங்க. இந்த நாலு வரிக் கணக்க நீங்களும் போட்டுப் பாக்கல. அனிஷாகிட்ட மன்னிப்புக் கேக்க உங்களுக்கும் அதே கெடுதான் சார். அஞ்சு மணி."

ராயப்பராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் இருந்தது.