ரிமு ஓடையின் மூன்று ரைபிள்கள்

டெஸ் ஹார்கெஸ்ட் தன் வீட்டு வாசற்படியில் குப்புறக் கிடந்தார். ஒரு கால் பூட்ஸுக்குள் போயிருந்தது. இன்னொரு பூட்ஸ் கையில் இருந்தது. சனிக்கிழமை, காலை எட்டரை மணி. மழை அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது.

கான்ஸ்டபிள் நைரி ராபனா வேலிக் கதவருகிலேயே ஒரு கணம் நின்றுவிட்டாள். ரிமு ஓடை என்ற அந்த மலையடிவாரச் சிற்றூரில் போலீஸ் என்றால் அவள் ஒருத்திதான். கவிழ்ந்த படகு, களவு போன ரம்பம், குடித்துவிட்டு ஓட்டிய டிராக்டர் எல்லாம் பார்த்திருக்கிறாள். கொலையைப் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"ஒரே ஒரு வெடிதான்" என்றாள் போன் செய்த பக்கத்துப் பண்ணைக்காரி. "கிழவர் முயல் சுடறார்னு நெனச்சு நான் பாட்டுக்குப் பால் கறந்துக்கிட்டிருந்தேன். அப்புறம் நாய் ஊளையிட்டுச்சு."

வேலிக்கு வெளியே, சாலையோரத்தில், ஆளுயரத்துக்கு நாணல் புதர். அதன் நடுவே யாரோ வெகுநேரம் காத்திருந்த இடம் நசுங்கிக் கிடந்தது. அங்கிருந்து வாசற்படி கல்லெறி தூரம்தான். வெற்றுத் தோட்டா எதுவும் கிடைக்கவில்லை.

நண்பகலுக்குள் பக்கத்து நகரமான கிரேமவுத்திலிருந்து சார்ஜென்ட் பெட்ரி வந்துவிட்டார். ஈரக் கோட்டோடு டெஸ்ஸின் துப்பாக்கி அறைக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்தார். சுவரில் ரிவால்வர்கள். பெட்டகத்தில் ரைபிள்கள். பூட்டு உடையவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. வேலை மேசைமேல் துணிச்சுருள், எண்ணெய்க் குப்பி, நீள்மூக்குத் தகரப் புனல், கரி பிடித்த ஒரு கெட்டில்.

"டீ போட்டுக் குடிச்சுக்கிட்டே துடைப்பாரோ?"

"அவரு டீயே தொட மாட்டாரு சார்ஜ். காப்பிதான். அதுவும் சமையலறையிலதான்."

"கிழவனுக்கு எதிரிங்க உண்டா?"

நைரி யோசித்தாள். டெஸ்ஸுக்கு எதிரிகள் இல்லை, அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றை அவர் தபால் நிலைய வரிசையிலும், சாவு வீட்டிலும், ஒருமுறை பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டும்கூடச் சொல்லியிருக்கிறார். ரிவால்வர் பார்ப்பதற்கு, ரைபிள் மலையேறுவதற்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வேட்டை ரைபிள் கட்டிப்போட்ட நாய். பழைய துப்பாக்கிக்குப் புது மெருகு போடுகிறவனை ஊரை விட்டுத் துரத்த வேண்டும். கீறல்தான் அதன் வயது. துப்பாக்கிகளைச் சேர்த்தவர்களில் அவ்வளவு பேசியவரும் இல்லை, அவ்வளவு சுட்டவரும் இல்லை.

"நேத்து சாயங்காலம் மண்டபத்துல ரெண்டு பேரோட வாக்குவாதம்" என்றாள். "நானும் இருந்தேன்."

ஞாயிறன்று துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி நடக்கவிருந்தது. ரிவால்வர்கள் சுட முடியாதபடி கழற்றி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க அவள் வெள்ளி மாலை மண்டபத்துக்குப் போயிருந்தாள். சங்கத் தலைவர் ரோலண்ட் பிளைத், வெள்ளைக் கையுறையோடு, தன் பெருமைக்குரிய ரிவால்வரை வெல்வெட்மேல் வைத்துக்கொண்டிருந்தார். முதல் உலகப் போரில் ஓர் அதிகாரி இடுப்பில் இருந்தது என்று அவர் சொல்லாத ஆளில்லை. டெஸ் பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

"பொறிச்ச எழுத்தோட ஓரமெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கே, ரோலண்ட்."

"நூறு வருஷமாச்சு. மழுங்காதா?"

"கை பட்டு மழுங்கினா பிடிக்கிற இடத்துல மழுங்கும். இது எல்லா இடத்துலயும் ஒண்ணுபோல மழுங்கியிருக்கு. தேய்ச்சுப் பழசாக்கினது. இதே மாதிரி நீ ரெண்டு பேருக்கு வித்திருக்கே இல்ல?"

"டெஸ், மெதுவா பேசு."

"நீ வாழ்நாள்ல சுட்டதே இல்லய்யா. சுட்டிருந்தா எண்ணெய் எதுக்கு ஆகும், தண்ணி எதுக்கு ஆகும்னாவது தெரிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் பேசிக்கலாம்."

அந்த நேரம் பார்த்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ராவிரி உள்ளே வந்தான். நைரியின் அக்கா ஹூயாவின் கணவன். காட்டு ஆடுகளைச் சுட்டுக் குறைப்பது அவன் தொழில். டெஸ் அவன் பக்கம் திரும்பினார்.

"டேய், உங்க தாத்தா ரைபிளை எப்பத்தான் எனக்குக் குடுக்கப்போறே?"

"இன்னொரு தடவ கேட்டீங்கன்னா அதாலயே சுட்டுடுவேன், பெருசு!"

மண்டபமே சிரித்தது. டெஸ்தான் அதிகம் சிரித்தார்.

நைரி சொல்லி முடித்ததும் பெட்ரி கேட்டார்: "அந்தத் தாத்தா ரைபிள் என்ன ரகம்?"

"முந்நூத்திமூணு." அவள் குரல் இறங்கியது. "பழைய பட்டாள ரைபிள்."

உடலை முதலில் பார்த்த டாக்டர் கண்டெடுத்த குண்டின் அடித்துண்டும் அதே முந்நூற்றுமூன்று அளவுதான்.

ஊரில் அந்த ரகத்தில் மூன்றே இருந்தன. ஒன்று டெஸ்ஸின் சொந்த ரைபிள், அவருடைய பெட்டகத்தில். இரண்டாவது ரோலண்டிடம். மாலை மூன்று மணிக்கு நைரி அவர் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கையுறை மாட்டி, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல ரைபிளை எடுத்துக் கொடுத்தார். அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பழுப்புக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிய போர்க்காலத் தோட்டாப் பொட்டலம் ஒன்று இருந்தது.

"காலைல எங்க இருந்தீங்க?"

"வீட்லதான். கண்காட்சிக்கு அட்டை எழுதிக்கிட்டிருந்தேன்."

"இதக் கடைசியா எப்ப சுட்டீங்க?"

"சுடறதா? நைரி, நான் சேகரிக்கிறவன். என்கிட்ட வந்தப்புறம் இது தோட்டா வாசனையே பார்த்ததில்ல."

"வெளிய எடுத்தது?"

"போன கிறிஸ்துமஸுக்கு, எண்ணெய் போட. அதோட சரி."

அவள் குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்தாள். கண்ணாடி போலிருந்தது. எண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. பரிசோதனைக்காக அதை நிலையத்துக்கு எடுத்துப் போனாள்.

மூன்றாவது ரைபிள் தானாகவே வந்து சேர்ந்தது. ராவிரி மலையிலிருந்து இறங்கி, சேறும் ஆட்டு மயிருமாக நிலையத்துக்குள் நுழைந்தான். ரைபிளின் விசையைச் சுற்றிய வளையத்தில் இலைச்சருகு சிக்கியிருந்தது. குழலுக்குள் ஒரே கரி.

பெட்ரி எதிரே உட்கார்ந்தார். நைரி சுவரோரமாக நின்றாள்.

"காலைல எங்க இருந்தே?"

"மலை மேல, ஓடை பொறக்கிற இடத்துல. ஆடு சுட்டுக்கிட்டு."

"கூட யாரு?"

"ஆடுங்கதான்."

"விளையாடாதே. துப்பாக்கிய ஏன் துடைக்கல?"

"மழை. பசி. அப்புறம் நீங்க."

"டெஸ்ஸ சுடுவேன்னு சொன்னியா?"

"சொன்னேன். மாசத்துக்கு நாலு தடவ சொல்லுவேன். சொல்லலேன்னா உடம்புக்கு என்னாச்சுடான்னு கேப்பாரு." அவன் சேறு படிந்த முகத்தைக் கையால் துடைத்தான். "அவரு என் கல்யாணத்துக்கு மான் சுட்டுக் குடுத்தவருங்க."

இரவுக்குள் டாக்டரிடமிருந்து முழுச் செய்தி வந்தது. குண்டு எலும்பில் பட்டுச் சிதறிவிட்டது. எந்தக் குழலோடும் பொருத்திப் பார்க்க முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம். துண்டுகள் செம்பு நிறமில்லை, வெள்ளி நிறம். பழைய போர்க்காலச் சரக்கு.

"டெஸ் அந்தத் தோட்டாவ ஊருக்கெல்லாம் கைநிறைய அள்ளிக் குடுத்திருக்காரு" என்றார் பெட்ரி. "உன் மச்சானுக்கும் குடுத்திருப்பாரு."

"அவன் புதுத் தோட்டாதான் போடறான் சார்ஜ். ஆடு சுடக் குத்தகை குடுக்கறவங்களே தர்றாங்க."

"அவன் உன் அக்கா புருஷன். நீ தள்ளி நில்லு. பெட்டகச் சாவி மட்டும் வச்சுக்கோ."

ராவிரியின் துப்பாக்கி லைசென்ஸ் அன்றே நிறுத்தி வைக்கப்பட்டது. ரைபிள் இல்லையென்றால் அவனுக்குக் குத்தகை இல்லை. அவனுக்குத் தெரிந்த வேறு வேலையும் இல்லை. கொலைக் குற்றம் உறுதியானால் ஹூயாவின் வயிற்றில் இருக்கிற பிள்ளை அப்பாவைக் கம்பிக்குப் பின்னால்தான் பார்க்கும். ஹூயா நிலையத்து வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீயும் நம்பறியாடி?"

நம்பிக்கையைச் சாட்சியாக எந்தக் கோர்ட்டும் வாங்காது.

ஞாயிறன்று மலை சரிந்து நெடுஞ்சாலை மூடிக்கொண்டது. ரைபிள்களைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வழியில்லை. நிலையத்தின் இரும்புப் பெட்டகத்தில் டெஸ்ஸுடையதும் சேர்த்து மூன்றும் தோளோடு தோள் உரசி நின்றன. மழை ஓயவே இல்லை. நைரி ரொட்டி வாங்கப் போனால் கடையில் பேச்சு நின்றது. ராவிரியோடு பள்ளியில் படித்தவன்கூட அவளைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான். கண்காட்சி நடக்கவில்லை. மண்டப வாசலில் ரோலண்ட் மட்டும் டெஸ்ஸின் படத்துக்கு மாலை வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய் காலை சாலை திறக்கிறது என்றார்கள்.

நைரி சீட்டு ஒட்டுவதற்காக ரைபிள்களை வெளியே எடுத்தாள். கடைசியாக ஒருமுறை ஒவ்வொரு குழலையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். டெஸ்ஸுடையது பளிச்சென்றிருந்தது. ராவிரியுடையதில் அதே கரி. துணியால் லேசாகத் தேய்த்ததும் அடியில் வெள்ளைவெளேரென்ற எஃகு. மூன்றாவதைப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

ரோலண்டின் குழல் முழுக்கத் தேயிலைச் சாயம் பூசியதுபோல் துரு.

முதலில் அவளுக்குப் பயம்தான் வந்தது. கையுறை போட்டுத் தொடுகிற மனிதரின் ரைபிளைப் பாழாக்கிவிட்டேனே, ஈரப் பெட்டகத்தில் வைத்து! பிறகுதான் அந்தக் கேள்வி எழுந்தது. ஒரே பெட்டகம். ஒரே ஈரம். அழுக்கான குழலை விட்டுவிட்டு, எண்ணெயில் குளித்த குழலையா துரு தேடிப்பிடித்துத் தின்னும்?

அந்தக் கெட்டில் நினைவுக்கு வந்ததும், டெஸ்ஸின் ரைபிளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வண்டியை விரட்டினாள். மேசைமேல் எல்லாம் அப்படியே இருந்தன. தகரப் புனலை எடுத்து, போல்ட் கழற்றிய ரைபிளின் பின்புறத்தில் செருகினாள். அதற்கென்றே செய்ததுபோல் நீள்மூக்கு உள்ளே போய் உட்கார்ந்தது. பக்கத்தில் கெட்டில், டீ குடிக்காத மனிதரின் கெட்டில்.

பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு போன். மறுமுனையில் இருந்தவர் கேள்வி முடிவதற்குள் "ஆமா" என்றார்.

பதினோரு மணிக்கு ரோலண்ட் நிலையத்துக்கு வந்தார். பெட்ரி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் பாதிதான் நம்பிக்கை.

"உங்க ரைபிளைப் பாத்துடுங்க" என்றாள் நைரி. "அனுப்பறதுக்கு முன்னாடி."

ரோலண்ட் கையுறை மாட்டிக்கொண்டு ரைபிளை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். அவர் முகம் வெளுத்தது.

"என்ன பண்ணீங்க இத? குளத்துலயா போட்டு வச்சிருந்தீங்க?"

"பெட்டகத்துலதான். பக்கத்துல இருந்ததப் பாருங்க. ராவிரியோடது. துடைக்கவே இல்ல. துரு இல்ல."

"இது அநியாயம்! சனிக்கிழமை ரெண்டு தடவ எண்ணெய் விட்டு, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் இழுத்தேன். ஒரு புள்ளி இல்ல அப்ப!"

பெட்ரி கைகளைப் பிரித்தார்.

"கிறிஸ்துமஸுக்குத்தான் எடுத்தேன்னீங்க" என்றாள் நைரி.

ரோலண்ட் ரைபிளை மார்போடு அணைத்துக்கொண்டார். நைரி நிறுத்தவில்லை.

"பழைய போர்க்காலத் தோட்டா வெடிக்கிறப்ப குழலுக்குள்ள உப்பு படியும். எண்ணெய்ல உப்பு கரையாது. கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவணும். டெஸ் மேசையில இருந்த கெட்டில் அதுக்குத்தான். கழுவாம எண்ணெய் மட்டும் போட்டா அன்னிக்குப் பளபளன்னு இருக்கும். நம்ம ஊர் ஈரத்துல நாலாம் நாள் காட்டிக்குடுத்துடும். ராவிரி சுட்டது புதுத் தோட்டா. கரி இருக்கு, உப்பு இல்ல. டெஸ் சுட்டா கழுவிடுவாரு. மூணு ரைபிள்ல பழைய தோட்டா போட்டுட்டுத் தண்ணி காட்டாதது உங்களோடது ஒண்ணுதான்."

"டெஸ் உங்ககிட்ட சொல்லவும் சொன்னாரு, என் காதுபட" என்று தொடர்ந்தாள். "எண்ணெய் எதுக்கு, தண்ணி எதுக்குன்னு. நீங்க அத வசவுன்னு நெனச்சீங்க."

பெட்ரி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அலமாரியில இருக்கிற பொட்டலத்த அவிழ்த்துப் பாத்தா ஒரு தோட்டா குறையும். இல்லியா மிஸ்டர் பிளைத்?"

ரோலண்ட் ரைபிளை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"ரிவால்வரத் தேய்ச்சது நான்தான். போலி நம்பரப் பொறிச்சதும் நான்தான். வித்த ரெண்டும் சேத்து மூணும்." அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "முப்பது வருஷமா என்னைத் தலைவர்னு கூப்பிடறாங்க. அவன் பொறாமைல பேசியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். பரிதாபப்பட்டான், நைரி. உனக்குத் துப்பாக்கியே தெரியாதுன்னு பரிதாபப்பட்டான்."

பிற்பகலில் ராவிரியின் லைசென்ஸும் ரைபிளும் கையெழுத்தோடு திரும்பின. நிலையத்து வாசலில் ஹூயா வண்டியை ஓடவிட்டபடியே காத்திருந்தாள்.

"மச்சான்" என்றாள் நைரி, "வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா இதத் துடை. பாக்கவே சகிக்கல."

"துடைச்சு வச்சவனத்தானே கொழுந்தியா புடிச்சு உள்ள போட்டீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். நான்கு நாட்களில் முதல்முறை. ராவிரி சிரிக்கவில்லை. ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழைக்கு அப்பால் டெஸ்ஸின் வீடு இருக்கும் திசையைப் பார்த்தான்.

"நாய் யார்கிட்ட இருக்கு?"

"பக்கத்துப் பண்ணைல. ஏன்?"

"அத நான் எடுத்துக்கறேன். மலைக்குப் போகப் பழகின நாய். கட்டிப்போட்டா செத்துடும்."