புலித்தோல் கடிவாளம்

அச்சம் என்ற சொல்லுக்குப் பொருளே அறியாத மாவீரர் கச்சிராயர் என்று வெள்ளாற்றங்கரைக் கல்வெட்டொன்று முழங்குகிறது. அதை வெட்டச் செய்தவர் கச்சிராயரே என்பதை வாசக அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

முழுநிலா பனித்திரைக்குப் பின்னே வெளிறிய முகம்போல் எழுந்த அந்தி வேளையில், நாணற்காடும் மூச்சடக்கி நின்ற ஆற்றுத்துறையில், அம்மாவீரரின் உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது. நம் கொடியைப் பிடித்து வருவது பகைவர் படை. அக்கரைக் கோட்டையில் இளவரசி மாறன்தேவி அந்தப் படைக்குக் கதவு திறக்குமுன் அதைச் சொல்லியாக வேண்டும். குதிரையோ ஆற்றில் இறங்கவில்லை. வெறும் வெளியை வெறித்தது, நடுங்கியது, மனிதர் முனகுவதுபோல் முனகியது.

"நீரரமகள் எவளோ வழிமறிக்கிறாள்," என்றார் கச்சிராயர்.

துறையில் தோல் அலசிக்கொண்டிருந்த சேணம் தைக்கும் சாத்தி வந்து கடிவாள வாரை முகர்ந்தாள். "இது என்ன தோல், தளபதியாரே?"

"வேங்கை. வீரனுக்கு உகந்தது. வேங்கைக் கொழுப்பையே பூசிப் பதப்படுத்தச் சொன்னோம்."

"நல்லாச் சொன்னீங்க. புலி வாய்க்குள்ள தலையை விட்டுக்கிட்டு எந்தக் குதிரை நடக்கும்?"

எதைக் கண்டு ஓட நினைத்ததோ, அது தன் முகத்திலேயே கட்டப்பட்டிருப்பது அந்த வாயில்லா ஜீவனுக்குத் தெரிந்திருந்தது. சாத்தி கடிவாளத்தைக் கழற்றி நாணலில் தொங்கவிட்டு, குதிரையின் முகத்தில் சேறு பூசி வாடை போகக் கழுவினாள்.

"மாட்டுத்தோல் வார் ஒன்று கொடு."

"எல்லாம் ஆவாரம்பட்டைத் தண்ணியில அரைகுறையா ஊறிக் கிடக்கு. நடு ஆத்துல அறுந்தா உங்களை யாரு தேடுறது?"

"எம் பட்டாடை உள்ளதே?"

"நனைஞ்ச பட்டு கையில நிக்காது. பருத்தி வேணும். என் புடவை இத்துப்போச்சு, இழுத்தா கிழியும்." அவள் பார்வை அவர் இடையில் நின்றது. "உள்ள கட்டியிருக்கிறது என்ன?"

கச்சிராயர் சற்றுநேரம் நிலாவைப் பார்த்தார். "பருத்திதான்," என்றார்.

அவர் நாணல் மறைவுக்குப் போய்வந்தார். முறுக்கிய கோவணத்துக்குள் குதிரை தானாகத் தலையை நீட்டியது; கழுத்தளவு வெள்ளத்தில் இறங்கி நீந்தியது. பின்னால், காற்றே இல்லாத கரையில், புலித்தோல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. குதிரை ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. கச்சிராயர் பலமுறை பார்த்தார்.

தாழ் நீக்கும் தறுவாயில் செய்தி சேர்ந்தது. பெருங்கதவு அடைத்தபடியே நின்றது. பக்கத்துத் திட்டிவாசல் வழியே, குதிரைமேல் குனிந்தபடியே வந்த அவரை உள்ளே விட்டார்கள். இளவரசியே தோழியர் புடைசூழ, தீபங்களோடு வந்தாள்.

"இறங்கி வாரும், வீரரே. எம் கையால் மாலை சூட்ட வேண்டும்."

"இங்கிருந்தே பெற்றுக்கொள்கிறோம், தேவி."

தோழி ஒருத்தி விளக்கை உயர்த்தினாள்.

பட்டாடை ஆற்றோடு போயிருந்தது.