பெஞ்சில் போட்ட துண்டு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் ஊருக்கே கொண்டாட்டம். பெர்சிஸ் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் திண்டாட்டம்.

மைதானம் முழுக்கச் சேறாகிவிடும். மத்தியான இடைவேளையில் விளையாடவோ ஆடிப்பாடவோ ஒரே இடம்தான் மிச்சம். அது பின்பக்கம் இருக்கும் தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகை சிவப்பு அணிக்கும் வேண்டும், பச்சை அணிக்கும் வேண்டும். ஆண்டுவிழாவுக்காகச் சிவப்பு அணி வில்லுப்பாட்டுப் பழகியது. பச்சை அணி சிலம்பம் பழகியது.

இரண்டு அணியும் ஒன்றாகப் பழகலாமே என்று நீங்கள் கேட்கலாம். போன வருடம் அப்படித்தான் பழகினார்கள். சிலம்பக் கம்பு சுற்றிய ஒரு சுற்றில் வில்லுப்பாட்டுக் குடம் சுக்குநூறாய்ப் போனது. குடம் அடித்துக்கொண்டிருந்த பையன் இன்னும் கம்பைக் கண்டால் பத்தடி தள்ளித்தான் நிற்கிறான்.

அதனால் பிள்ளைகளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். சட்டம் பிறந்த இடம் தென்காசி பேருந்து நிலையம். பேருந்து வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். சாப்பாட்டு மணி அடித்த பிறகு கொட்டகையில் யார் முதலில் துண்டு போடுகிறார்களோ, அன்றைக்குக் கொட்டகை அவர்களுக்கு. சாரல் காலத்தில் துண்டு இல்லாத பள்ளிப் பை ஏது?

சண்டை வந்தால் பெஞ்சுக்குப் போக வேண்டும்.

வராந்தாவின் கோடியில் ஒரு நீளமான பழைய பெஞ்சு கிடந்தது. அதில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து வழக்கைக் கேட்பார்கள். "அதுதான் எங்க சுப்ரீம் கோர்ட்டு. அதுக்கு மேல கோர்ட்டே கிடையாது" என்று ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள்கூடப் பெருமையாகச் சொல்லும்.

தலைமையாசிரியை குருவம்மாள் டீச்சரும் அதை மதித்தார். "பெஞ்சு சொன்னா சொன்னதுதான், நான்கூட மாத்த மாட்டேன். ஆனா பெஞ்சு சொன்னதைக் கேக்காம நீங்க அடிச்சுக்கிட்டா, சீசன் முடியுத வரைக்கும் கொட்டகைக்குப் பூட்டுதான்" என்று சொல்லியிருந்தார்.

பெஞ்சில் இசக்கிமணி பச்சை அணியின் ஆள். ஜோஷ்வா சிவப்பு அணியின் ஆள். மூன்றாவது ஆளை மாணவர் தலைவர் நியமிப்பார். இந்த வருடத் தலைவன் எட்டாம் வகுப்பு சுபாஷ். அவன் சிவப்பு அணிக்கும் தலைவன். அவன் யோசிக்காமல் தன் அணியில் இருந்த ஏழாம் வகுப்பு பெர்சிஸை உட்கார வைத்துவிட்டான்.

இசக்கிமணி வழக்கைக் கேட்பதற்கு முன்பே "பச்சை" என்பான். ஜோஷ்வா வழக்கைக் கேட்காமலே "சிவப்பு" என்பான். ஆகவே எல்லாத் தீர்ப்பும் பெர்சிஸின் தலையில்தான் வந்து விழுந்தது.

முதல் வழக்கு, தொலைந்த பந்து யாருடையது என்பது. இரண்டாவது, கேரம் பலகையை உடைத்தது யார் என்பது. இரண்டிலும் நியாயம் சிவப்பு அணியின் பக்கம் இருந்தது. பெர்சிஸும் அப்படியே சொன்னாள்.

மறுநாள் அவள் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்ததும் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெர்சிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவாடையைத் திருப்பிப் பார்த்தாள். நீலப் பாவாடையின் பின்பக்கம் முழுக்கச் சிவப்புச் சாக்பீஸ் அப்பியிருந்தது. யாரோ பெஞ்சில் நன்றாகத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

பச்சை அணித் தலைவி சஃப்ரின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெர்சிஸின் வகுப்புத் தோழி. சோற்றுப் பாத்திரத்தை மாற்றிச் சாப்பிடும் அளவுக்குத் தோழி.

"நான் தேய்க்கல ஏட்டி" என்றாள் சஃப்ரின்.

"நான் சொன்ன தீர்ப்புல எது தப்பு?" என்று பெர்சிஸ் கேட்டாள்.

"தப்பான்னு எனக்குத் தெரியல. ஆனா இடம் பிடிக்கத் துண்டு போடுத மாதிரி, சுபாஷ் அண்ணன் உன்னைப் பெஞ்சுல போட்டு வச்சிருக்காங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. இனிமே பெஞ்சுக்கே வர மாட்டோம்னு எங்க பயலுவ சொல்லுதானுவ."

அப்படியானால் அடுத்தது அடிதடி. அதற்கடுத்தது பூட்டு.

அவளுடைய அப்பா ஞானதுரை பேரருவிக்குப் போகும் பாதையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்தார். அன்று மாலை அம்மா கடையின் பின்பக்கம் பாவாடையைத் துவைத்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டாள்.

"பனைமரத்தடியில உக்காந்து பாலைக் குடிச்சாலும் ஊரு கள்ளுன்னுதான் சொல்லும்" என்று பாவாடையை ஓங்கி ஒரு கும்மு கும்மினாள்.

கடையின் தொலைக்காட்சியில் டெல்லியில் இருக்கும் பெரிய கோர்ட்டைப் பற்றிச் செய்தி ஓடியது. சிப்ஸ் வாங்க வந்த இருவர் வாங்குவதை விட்டுவிட்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஜட்ஜைப் போட்டது யாரு? அவங்கதானே! பிறகு தீர்ப்பு வேற எப்படி வரும்?" என்றார் அருவியில் குளித்துவிட்டு வந்த ஈரத்தலைக்காரர்.

"அண்ணாச்சி, நீங்க அந்தத் தீர்ப்பைப் படிச்சுப் பாத்தீங்களா?" என்று குடை வைத்திருந்தவர் கேட்டார்.

"அதை வேற எதுக்குப் படிக்கணும்?"

பெர்சிஸ் தொலைக்காட்சியையே பார்த்தாள். பாவம், அந்த ஜட்ஜின் கறுப்பு அங்கியிலும் யாராவது சாக்பீஸ் தேய்த்திருப்பார்களோ?

அன்றிரவு படுக்கப் போகும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த வழக்கு எதுவாக இருந்தாலும் சரி, தீர்ப்பு பச்சை அணிக்குத்தான். ஒரே ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் ஊர் வாய் மூடிக்கொள்ளும், பெஞ்சும் பிழைத்துவிடும். இந்த முடிவு அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த வழக்கு மறுநாளே வந்தது.

மத்தியானம் கொட்டகையில் ஒரே கூச்சல். நீளமான கொட்டகையின் ஒரு கோடியில், பழைய மேசைகளுக்குப் பின்னால், சுபாஷின் மஞ்சள் துண்டு நாலாக மடித்துக் கிடந்தது. மறு கோடியில் சஃப்ரினின் கட்டம் போட்ட துண்டு கிடந்தது.

"நான்தான் முதல்ல போட்டேன்!" என்றான் சுபாஷ்.

"நான் வரும்போது இங்கன ஒரு துண்டும் கிடக்கல!" என்றாள் சஃப்ரின்.

இருவர் முகத்திலும் பொய் இல்லை. மேசைக்குப் பின்னால் கிடந்ததை அவள் பார்க்கவில்லை. அவள் வந்ததை அவன் பார்க்கவில்லை. சிலம்பக் கம்புகள் ஒரு பக்கம் உயர்ந்தன. வில்லுப்பாட்டு வீசுகோல்கள் மறுபக்கம் உயர்ந்தன. குடம் அடிக்கும் பையன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

"பெஞ்சு இங்கனயே வரட்டும்" என்றாள் பெர்சிஸ்.

"அந்தச் சிவப்புப் பெஞ்சா?" என்று பச்சை அணியிலிருந்து ஒரு குரல் வந்தது.

சுபாஷ் மெல்ல அவளருகே வந்து இரண்டு ரம்புட்டான் பழங்களை நீட்டினான். "சாப்பிடு ஏட்டி. நம்ம பக்கம் பாத்துக்கோ."

பெர்சிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கேஸ் முடியட்டும் அண்ணே."

மறுபக்கம் இசக்கிமணி அவள் காதைக் கடித்தான். "இன்னைக்கு மட்டும் எங்க பக்கம் சொல்லிப் பாரு. நாளையில இருந்து உன்னை எவனும் சிவப்புன்னு சொல்ல மாட்டான்."

அதைத்தானே அவளும் முடிவு செய்திருந்தாள்! தீர்ப்பு நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேற்கே இருந்து ஒரு காற்று அடித்தது. மஞ்சள் துண்டின் ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது.

கொட்டகைத் தரை முழுக்கச் சாரல் தெறித்து ஈரமாக இருந்தது. மஞ்சள் துண்டின் அடியில் மட்டும் காய்ந்த புழுதி தெரிந்தது.

பெர்சிஸுக்குச் சட்டென்று விளங்கியது. சாரல் வருவதற்கு முன்பே விழுந்த துண்டு அது. நியாயம் மறுபடியும் சிவப்பின் பக்கமே போய் நின்றுகொண்டிருந்தது. அதற்கு வேறு வீடே கிடைக்கவில்லையா?

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. பேசாமல் "பச்சை" என்று சொல்லிவிடலாம், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் நேற்றுவரை தன்னைச் சிவப்புத் துண்டு என்று சொன்னார்கள் என்பதற்காக இன்றைக்குப் பச்சைத் துண்டாக மாறுவதா? அதுவும் துண்டுதானே! அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பொய்யைச் சொன்னால் நம்புவார்கள். என்ன செய்வது?

பெர்சிஸ் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே போய் நின்றாள்.

"யாரும் துண்டைத் தொடக் கூடாது. முதல்ல ஒரு கேள்வி. சஃப்ரின், மணி அடிக்கும்போது வெயிலா, சாரலா?"

"வெயில்தான் அடிச்சுது. சாரல் பொறவுதான் வந்துச்சு."

"சுபாஷ் அண்ணே?"

"ஆமா, வெயில்தான்."

"அப்போ சாரலுக்கு முன்னாடி ஒரு துண்டு போட்டிருந்தா, அதுக்கு அடியில தரை எப்படி இருக்கும்?"

சஃப்ரின் கொஞ்சம் யோசித்தாள். "காஞ்சு இருக்கும்."

"சாரலுக்குப் பொறவு போட்டிருந்தா?"

"ஈரமா இருக்கும்" என்று இரண்டு அணிகளும் சேர்ந்து கத்தின.

"காஞ்ச தரை யாரு துண்டுக்குக் கீழ இருக்கோ, அவங்களுக்குத்தான் கொட்டகை. பாக்குததுக்கு முன்னாடியே சொல்லுங்க. எல்லாருக்கும் சம்மதமா?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்த பிறகு மாற்றிப் பேச முடியாதே! சஃப்ரின் முதலில் தலையாட்டினாள். சுபாஷும் ஆட்டினான். பின்னால் நின்ற கம்புகளும் வீசுகோல்களும் மெல்லக் கீழே இறங்கின.

"நான் தூக்கிக் காட்ட மாட்டேன். மஞ்சள் துண்டை சஃப்ரின் எடுக்கட்டும். கட்டம் போட்ட துண்டை சுபாஷ் அண்ணன் எடுக்கட்டும்."

சுபாஷ் கட்டம் போட்ட துண்டைத் தூக்கினான். அடியில் ஈரம். சஃப்ரின் மஞ்சள் துண்டின் அருகே குனிந்தாள், மெதுவாகத் தூக்கினாள். அடியில் சதுரமாக ஒரு காய்ந்த புழுதி, வரைந்து வைத்தது போல இருந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் தூசி ஒட்டியது.

இரண்டு அணிகளும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தன.

"மஞ்சள் துண்டுதான் முதல்ல" என்றாள் சஃப்ரின்.

அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் விரலில் ஒட்டிய தூசியைத் தன் அணிக்குத் தூக்கிக் காட்டினாள். இசக்கிமணி தரையைப் பார்த்தான், பெர்சிஸைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"சிவப்பு" என்றான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதே இல்லை. பெஞ்சின் மூன்று பேரும் ஒரே தீர்ப்பைச் சொன்ன முதல் நாள் அதுதான்.

பச்சை அணி கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போனது. போகிற வழியில் ஒருவன் "நாளைக்கு நான் ஓடி வந்து போடுதேன் பாரு" என்றான். அடிதடி நடக்கவில்லை. கொட்டகைக்குப் பூட்டும் வரவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் சுபாஷுக்கு நல்லது. ஆனால் அடுத்த வாரமே அவன் மாட்டிக்கொண்டான்.

அன்றைக்கு மணி ஓசை அடங்குவதற்குள் சஃப்ரின் கொட்டகைக்கு ஓடி வந்துவிட்டாள். பார்த்தால், மஞ்சள் துண்டு அங்கே ஏற்கெனவே ஒய்யாரமாகப் படுத்துக் கிடந்தது. அவள் கம்பைத் தூக்கவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போனாள்.

பெர்சிஸ் சுபாஷைக் கேட்டாள். "மணி அடிக்கும்போது எங்கன நின்னீங்க அண்ணே?"

"தண்ணி குடிக்கன்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டுப் போனேன்."

"தண்ணிக் குழாய் எங்கன இருக்கு?"

"முன்பக்கம்."

"கொட்டகை?"

"பின்..." சுபாஷ் பாதியில் நிறுத்திக்கொண்டான். வராந்தா முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சுபாஷுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான்.

"மணி அடிக்கும்போது நீங்க முன்பக்கம் நின்னா, துண்டு பின்பக்கம் எப்படி முந்தி வந்துச்சு? மணிக்கு முன்னாடி போட்ட துண்டு செல்லாது. கொட்டகை பச்சைக்கு" என்றாள் பெர்சிஸ்.

"பச்சை" என்றான் இசக்கிமணி.

எல்லோரும் ஜோஷ்வாவைப் பார்த்தார்கள். ஜோஷ்வா எச்சில் விழுங்கினான். "பச்சை" என்றான், கொசு பாடுவது போல.

சுபாஷின் முகம் ரம்புட்டான் மாதிரிச் சிவந்தது. "ஏட்டி! நான்தானே உன்னை அங்கன உக்கார வச்சேன்!"

"ஆமா அண்ணே. நீங்கதான் உக்கார வச்சீங்க. துண்டு போட்டு வைக்கல."

சஃப்ரின் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அது அவள் சொன்ன சொல்லாயிற்றே!

சுபாஷ் தன் மஞ்சள் துண்டைப் பார்த்தான். பெர்சிஸைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ரம்புட்டானை எடுத்தான்.

"கேஸ் முடிஞ்சிட்டுல்லா? இப்பமாவது சாப்பிடுவியா?"

"கொடுங்க அண்ணே" என்று வாங்கி, அதை உரித்துப் பாதியைச் சஃப்ரினுக்குக் கொடுத்தாள் பெர்சிஸ்.

வகுப்பு மணி அடித்தது. பெர்சிஸ் பெஞ்சை விட்டு எழுந்தாள். பழக்கதோஷத்தில் பாவாடையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் சாரல் ஈரம் இருந்தது. நிறம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.