ஏழாம் அத்தியாயத்து அலை

மழைக்கு ஒதுங்கிய இடத்தில், தான் எழுதிய நாவலில் ஒருவன் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

ஒரே குடும்பத்தின் இரண்டு கடற்கரை விடுமுறைகள்... அதுதான் அவள் எழுதிய நாவல். முதலாவது, அவளுடைய ஆறு வயதில் நிஜமாகவே நடந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து வரும் இரண்டாவது, முழுக்கக் கற்பனை. அதை நிஜமாக்கிப் பார்க்கத்தான் அப்பாவோடு மறுபடி அதே கடற்கரைக்கு வந்திருந்தாள். கிறுக்கியவன் படகு எஞ்சின் மெக்கானிக். அவள் ஒதுங்கிய கொட்டகையும் அவனுடையதுதான்.

"புத்தகத்துல எதுக்குக் கிறுக்குறீங்க?"

"தப்பைத் திருத்துறேன். ஏழாம் அத்தியாயம். அலை இழுத்துட்டுப் போன பொண்ணை அவ அப்பா நீந்திப்போய்த் தூக்கிட்டு வந்தாராம்... அந்த மனுஷனுக்கு நீச்சலே தெரியாது."

"கூட இருந்து பார்த்த மாதிரி பேசுறீங்க?"

அவன் சட்டைக் கையை மடித்தான். முன்கையில் சின்னப் பல்வரிசை... தழும்பாக.

"பன்னெண்டு வயசுல ஒரு பொண்ணைக் கரை சேர்த்தேன். கடிச்சு வெச்சுட்டா. பின்னட்டைப் படத்துலேயே கண்டுபிடிச்சுட்டேன்... அதே முட்டைக்கண்."

அவளுக்குக் காதுமடல் சூடானது. மழை விட்டது. கிளம்பத்தான் மனம் வரவில்லை.

அடுத்த நான்கு நாளும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஐந்தாம் நாள் மாலை, அன்று தன்னைத் தூக்கியது யாரென்று அப்பாவிடம் கேட்டேவிட்டாள். அவர் முகம் தொங்கிப்போனது.

"கரையில நின்னு கத்தினேன்மா... அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. கண்ணு முழிச்சதும், 'நீதானேப்பா தூக்கினே'ன்னு கேட்டே. தலையாட்டிட்டேன்."

"அவர்கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசுங்கப்பா."

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு? நாளைக்கே ஊருக்குக் கிளம்பலாம்."

"கிளம்பலாம். ஆனா எனக்கு அவர் வேணும்ப்பா... நீங்களும் வேணும். ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர்னா என்னால முடியாது."

காலையில் அவளுக்கு முன்னாலேயே அப்பா கொட்டகை வாசலில் நின்றார்.

"தம்பி, இவ உசுரு நீ குடுத்தது. அன்னைக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாம ஓடிட்டேன்... மன்னிச்சிடுப்பா."

அவன் கையிலிருந்த எண்ணெயை அவசரமாகத் துடைத்தான். "நீங்க போட்ட சத்தத்துலதான் சார் நான் திரும்பியே பார்த்தேன். அத்தியாயம் அப்படியே இருக்கட்டும்."

அப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவளுக்கு அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும் சார்..." என்று அவன் இழுத்தான்.

"என்கிட்ட கேளுங்க" என்றாள் அவள்.

அவன் துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"சரி, நானே சொல்றேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கட்டிக்கலாமா?"

அப்பா நாகரிகமாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதைச் சொல்லத் தைரியம் வராமதான்..." என்றான் அவன், "நல்லா ஓடுற எஞ்சினை நாலு நாளா கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருக்கேன்."