ஜேசனில் கசிந்த ஒரு வரி

டெலிபோன் அலறியது!

பானுப்ரியா எடுத்தாள்.

"ஏளா... உங்க முதலாளி இருக்கானா? அருவாளோட வாரேன். கழுத்தைக் கழுவி வைக்கச் சொல்லு!"

கட்!

பேசியது கருப்பட்டி ஏற்றுமதி வன்னியபெருமாள்.

முதலாளியான ஷிப்பிங் ஏஜென்ட் தங்கதுரை அதற்குள் மேஜைக்கு அடியில் இருந்தார். அந்த உடம்பு அங்கே எப்படி நுழைந்தது என்பது தனிக் கேஸ்.

"கொல்ல வாரான்ளா! நீ என்ன செஞ்சே?"

"புது ஏபிஐ அண்ணாச்சி. காலையிலதான் ஓட விட்டேன். யாரு கண்டெய்னர் நம்பரைத் தட்டினாலும், நம்ம கம்ப்யூட்டர் டேபிள்ல இருக்கது ஜேசன்ங்கிற வடிவத்துக்கு மாறி அவங்க போனுக்குப் போவும்..."

"டேபிள்ல இருக்கது எதெல்லாம்?"

"எல்லாமே." அவள் குரல் இறங்கியது. "எந்தக் கட்டம் போவணும், எது போவக் கூடாதுன்னு பிரிச்சு எழுத... சோம்பலா இருந்துச்சு."

"ரிமார்க்ஸ் கட்டமுமா?!"

மேஜை குலுங்கியது.

எந்தப் பார்ட்டி எப்பேர்ப்பட்ட ஆள் என்று குமாஸ்தாக்களுக்குப் புரிவதற்காக, தங்கதுரையே டைப் அடித்து வைத்த கட்டம் அது. துறைமுகத்தில் பாதிப் பேரின் வண்டவாளம்!

பானு கீபோர்டில் பாய்ந்தாள். கண்டெய்னர் நம்பர், கப்பல், நிற்கும் இடம்... இது மட்டும் ஜேசனில் போனால் போதும். ரிமார்க்ஸ் அவுட்!

வாசலில் செருப்புச் சத்தம்.

வன்னியபெருமாள்! ஒரு கையில் அருவாள். மறு கையில் போன்.

"அண்ணாச்சி, இப்ப தட்டிப் பாருங்க. ஒண்ணும் வராது."

"ஊரே வாசிச்ச பொறவு அழிச்சு என்ன பிரயோஜனம்?"

"அப்படி என்னதான்டே எழுதிட்டேன்?" மேஜை கேட்டது.

"'அப்பாவி. எம்புட்டு நேரம் வேணாலும் காக்க வைக்கலாம்'னு எழுதிருக்கீரு! டீக்கடைக்காரன் கூட எனக்கு டீயைக் கடைசியில தாரான்! ஆனா என் போட்டிக்காரன் அந்த முத்துமணிக்கு... 'பொல்லாதவன்'! நான் அவனுக்கு எதுலவே குறைஞ்சு போனேன்?"

அருவாள் உயர்ந்தது.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி!"

பானுவின் விரல்கள் பறந்தன. அவருடைய ரிமார்க்ஸ் மட்டும் மறுபடி ஜேசனுக்குள் ஏறியது... புது வரியோடு.

"இப்ப பாருங்க."

'மகா பயங்கரமான ஆள். ஆயுதத்தோடு திரிவார்.'

வன்னியபெருமாள் நிறுத்தி நிதானமாக வாசித்தார். மீசையைத் தடவினார்.

"இதை எல்லாரும் பாப்பாவளா?"

"ஏபிஐ அண்ணாச்சி! கேக்கிறவங்களுக்கெல்லாம் போவும்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியேறினார். தங்கதுரையை மேஜைக்கு அடியிலிருந்து உருவ ரெண்டு குமாஸ்தா தேவைப்பட்டது.

உருவி முடிப்பதற்குள் மறுபடியும் டெலிபோன்!

"ஏளா பானு..." வன்னியபெருமாள்தான். கிசுகிசுப்பாக. "ஹார்பர் கேட்ல நிக்கேன். இங்க செக்யூரிட்டிக்காரவ கம்ப்யூட்டரும் உன் ஏபிஐயைத்தான் கேக்குமாம்... என்னையச் சுத்தி துப்பாக்கியோட நிக்காவ!"

"பயப்படுதாவளா அண்ணாச்சி?"

"நான்தாம்ளா பயப்படுதேன்!"