விலாவுக்குள் ஒரு முட்டை

இடது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கித் தின்றது.

அப்பாவு புரண்டு படுக்கப் பார்த்தான். முடியவில்லை... வலது கை கட்டிலோடு விலங்கு போட்டுக் கிடந்தது!

மலேசியாவின் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரி. எண்பத்து நாலாம் வருஷத்து அடைமழை.

"முழுங்குனத ஒத்துக்க லா," என்றார் இன்ஸ்பெக்டர் கஸ்பார். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். விலாவுக்குள் உருண்டையாக ஏதோ... கோழி முட்டை அளவில்!

"சாமி சத்தியமா ஒண்ணும் முழுங்கல, துவான்... ஐயா!"

"அப்ப இது என்னா? நீ தின்ன ரொட்டி சானாயா?"

ஹெராயின் முழுங்கினேன் என்றால் இந்த நாட்டில் தூக்குக் கயிறு. இல்லை என்றால் படம் சாட்சி.

போதாததற்கு வாசலில் இன்னொரு சாட்சி. மனைவியின் தம்பி ராஜு. ரப்பர் மரங்களுக்கடியில் எஸ்டேட் ஆடுகளை அவனோடு சேர்ந்து மேய்க்கிறவன். நேற்று கொட்டகையில் போலீஸ் புகுந்ததும், "மச்சான்தான் ஹெராயின் பொட்டலத்த முழுங்கிட்டாரு!" என்று கை காட்டியவன்.

கதவு திறந்தது. டாக்டர் பெட்ரீசியா. கையில் புதிய படம்.

"வெள்ளை மருந்து குடிக்க வச்சு எடுத்தேன், இன்ஸ்பெக்டர். வெள்ளையா தெரியுதே, அது இரைப்பை. உருண்டை அதுக்குள்ள இல்ல... மண்ணீரல்ல இருக்கு! வாயில போட்ட பொட்டலம் அங்க போகாது."

"பின்ன?"

"சுத்தி ஓடு கட்டியிருக்கு. ஒரு ராத்திரியில கட்டாது, வருஷக்கணக்காகும்." அப்பாவுவிடம் குனிந்தாள். "அண்ணே, கப்பல்ல வந்த ஆடா மேய்க்கிறீங்க?"

"ஆமாம்மா. ஆஸ்திரேலியா ஆடு."

"அறுத்தா நுரையீரல என்ன செய்வீங்க?"

"முனியாண்டிக்கு வெட்டுனா அது நாய் பங்கும்மா. தண்ணிக் கொப்புளம் இருந்தா நாங்க தொட மாட்டோம். எல்லாம் டைகருக்குத்தான்."

"டைகர் எங்க சோறு திங்கும்?"

"என் தட்டுலதாம்மா!"

டாக்டர் பெருமூச்சு விட்டாள். "கொப்புளத்துல இருந்த புழு நாய் வயித்துல வளந்திருக்கு. அதோட முட்டை உங்க சோத்துக்கு வந்து, உள்ள போயி இப்படி உருண்டையா கட்டியிருக்கு. வழக்கமா ஈரல்லதான் கட்டி வரும். மண்ணீரல்ல வர்றது அபூர்வம். ஆபரேஷன்ல எடுத்துடலாம்."

கிளிக்!

விலங்கு திறந்தது.

"அந்த நாயோட பழகுன எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கணும். தம்பி, நீங்களும் வாங்க."

ராஜுவின் முகம் வெளுத்தது. "எ... எனக்கு வேணாம்! எனக்கு நாயே ஆகாது!"

"பொய்யிம்மா!" அப்பாவு பதறினான். "டைகர் படுக்கிறதே இவன் பாயிலதான். சின்னப் பையன்மா, நல்லா பாத்துடுங்க!"

ராஜு பாய்ந்தான்... கஸ்பாரின் பூட்ஸ் குறுக்கே வந்தது. தடால்!

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. ராஜுவின் மண்ணீரல் சுத்தம். இரைப்பைக்குள்தான்... வரிசையாகப் பொட்டலங்கள்!

"நீ முழுங்கிட்டு அவரையா காட்டுன?" கஸ்பார் அதே விலங்கை எடுத்தார். "மாட்டிக்க லா. உன் மச்சான் கைச்சூடு இன்னும் ஆறல."

அப்பாவு மணிக்கட்டைத் தடவினான். விலா இன்னும் வலித்தது.

"டாக்டரம்மா... என்னைப் படுக்கப் போட்டதும் டைகர்தான், தூக்குக் கயித்துலேர்ந்து இறக்குனதும் டைகர்தான். அதுக்கு நான் ஒரு பூச்சி மாத்திரை பாக்கி!"